கைதட்டாதவனின் நேர்மை

2024 ஜூன் 8ஆம் தேதி பின்னிரவு. தர்மபுரியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது மாடி அறையில் வெளிச்சம் தெரிந்தது. மணி இரண்டரை தாண்டியிருந்தது. அக்கா மகன் கைபேசியைத் தலையணைமேல் சாய்த்துவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய மேடை, அதைவிடப் பெரிய திரை. திரையில் யாரோ வாளை உருவுகிறான். இருட்டாகிறது. ஒரு பெயர் ஒளிர்கிறது. உடனே அரங்கு முழுவதும் வீறிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் அப்போது பிற்பகல். இனி வரப்போகும் வீடியோ விளையாட்டுகளை உலகத்துக்கு அறிவிக்கிற வருடாந்திர விழா அது. அங்கே நடப்பதை அந்த நொடியே இங்கே பார்க்கிறார்கள். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் கூட்டம் கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் இவன் மூக்கால் சிரித்தான்.

“எதுக்கு இப்படிக் கத்தறாங்க?” என்றேன்.

“பாதிப் பேர் கம்பெனி ஆளுங்க மாமா. மீதிப் பேர் முட்டாளுங்க.”

“நீ?”

“நான் சும்மா பாக்கறேன்.”

பின்னிரவு மூன்று மணிக்கு யாரும் எதையும் சும்மா பார்ப்பதில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. அவன் பதிலை அன்றைக்கு நான் லேசாக எடுத்துக்கொண்டுவிட்டேன். பிறகு யோசிக்க யோசிக்க, அது அவனுடைய பதில் மட்டுமல்ல, என்னுடையதும்கூட என்று தோன்ற ஆரம்பித்தது. சிறுபத்திரிகைக்காரர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், கைதட்டாமல் இருப்பதையே ஒரு தர்மம்போல வளர்த்து வந்திருக்கிறோம். கூட்டம் கூவுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவன் நேர்மையானவன் என்பது நம்முடைய சொல்லப்படாத பிரதிக்ஞை. அந்த நேர்மை எதனால் ஆனது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

முதலில் என் மருமகன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவன் சந்தேகம் ஆதாரமில்லாததல்ல.

இந்த விழாக்களில் பெயர்பெற்றது 1995ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய இ3 என்னும் கண்காட்சி. அது வியாபாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்குமான சந்தையாகத்தான் நடந்துவந்தது. பொதுமக்களுக்கு என்று பதினைந்தாயிரம் சீட்டுகளை விற்றது 2017ல்தான். அதற்கு முன்பு அந்த அரங்குகளில் எழுந்த கூவலில் ஒரு பங்கு, பொருளைச் செய்தவர்களும் விற்பவர்களும் எழுப்பியது. 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவித்தார்கள். அதன் இடத்தை வேறு விழாக்கள் எடுத்துக்கொண்டன. இவன் பார்த்த விழாவில் ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த வருஷமே செய்தி வந்தது. ஆக, மேடையில் ஒளிர்வது விளம்பரம். அதைப் பார்க்கத் தூக்கம் விழிக்கிறார்கள், அதற்குக் கைதட்டுகிறார்கள்.

விளம்பரம் உண்மை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2005ல் சோனி மேடையில் ‘கில்ஸோன்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு ஒரு முன்னோட்டம் காட்டினார்கள். அப்படியே விளையாடப்போகிறோம் என்று மெய்சிலிர்த்தவர்களுக்கு, அது முன்கூட்டியே தனியாக வரைந்து தயாரித்த படம் என்பது பிறகு தெரிந்தது. விளையாட்டு வெளிவந்தது 2009ல். 2019 ஜூனில் மைக்ரோசாஃப்ட் மேடையில் நடிகர் கியானு ரீவ்ஸ் தோன்றி, போலந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் ‘சைபர்பங்க் 2077’ வெளியாகும் தேதியை அறிவித்தார். அரங்கம் தன்வசம் இழந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் அவரைப் பார்த்து அன்பாக ஏதோ கத்த, அவரும் திருப்பிக் கத்த, அந்தச் சிறு சம்பவமே உலகம் சுற்றியது. கத்தியவருக்கு நிறுவனம் விளையாட்டின் சிறப்புப் பதிப்பைப் பரிசாகத் தருவதாகச் சொன்னது. 2020 டிசம்பர் 10ல் விளையாட்டு வந்தது. பழைய கருவிகளில் அது தள்ளாடி விழுந்தது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல, அந்நியமும் அல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ தன் பாட்டுக்குக் கைதட்ட ஐயாயிரம் இளைஞர்களுக்கு மேல் தேர்ந்தெடுத்து, கைதட்டலில் வகைகள் வைத்துப் பயிற்சி கொடுத்தான் என்று ஸூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் நாடக அரங்குகளுக்குக் கைதட்டுபவர்களைக் கூலிக்கு அனுப்பும் தொழிலே நடந்தது. சிரிக்க ஒருவர், அழ ஒருவர், ‘மறுபடியும்’ என்று கேட்க ஒருவர். நம் ஊரில் பொதுக்கூட்டத்துக்கு லாரியில் ஆள் வருவதைச் சிறு பிள்ளையும் அறியும். கூலி வாங்காமலும் இது நடக்கும். 2023 அக்டோபரில் சென்னைக் கோயம்பேடு பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் ‘லியோ’ படத்தின் முன்னோட்டத்தை மட்டும் ரசிகர்களுக்குத் திரையிட்டார்கள். படம் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முன்னோட்டம் முடிந்தபோது நாற்காலிகள் உடைந்து கிடந்தன.

இந்த இடத்தில் நின்று பார்த்தால் என் மருமகன் சொன்னதுதான் சரி. இன்னும் இல்லாத ஒன்றுக்குக் கைதட்டுகிறவன் ஒன்று விலைபோனவன், இல்லை ஏமாந்தவன்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு தாவல் இருக்கிறது. ‘அறிவிப்பு பொய்யாக இருக்கலாம்’ என்பதிலிருந்து ‘கைதட்டல் பொய்’ என்பதற்குத் தாவுகிறோம். கைதட்டலை நாம் ஒரு தீர்ப்பாகப் பாவித்துக்கொள்வதால் நேர்கிற தாவல் இது. எல்லாக் கூவலும் தீர்ப்பு அல்ல.

2015 ஜூனில் நடந்த சோனி விழாவைப் பிற்பாடு என் மருமகனே எனக்குக் காட்டினான். 2009ல் அறிவிக்கப்பட்டு, வருமா வராதா என்றிருந்த ஒரு விளையாட்டு அன்று திரும்ப மேடைக்கு வந்தது. 1997ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஏழாம் பாகத்தைப் புதிதாகச் செய்யப்போகிறோம் என்றார்கள். 2001க்குப் பிறகு தொடராமலே நின்றுபோன ‘ஷென்மூ’வுக்கு அடுத்த பாகம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாற்பதை நெருங்கியவர்கள்கூட அழுதார்கள். அந்த அழுகையில் விளையாட்டின் தரம்பற்றிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு தம்பியோடு ஒரே அறையில் உட்கார்ந்து விளையாடியவனுக்கு அந்தப் பெயரோடு அந்த அறையும் திரும்ப வருகிறது. ஊரைவிட்டுப் போனவன் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துத் திண்ணையிலிருந்து ஒரு குரல் எழுமே, அந்த ஜாதிக் குரல் அது. வந்தவன் யோக்கியனா என்று அந்தக் குரலிடம் கேட்கக்கூடாது.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் தபசுக் கம்பம் ஏறும்போது கீழே நிற்கிற ஜனம் ‘கோவிந்தா’ என்று முழங்கும். சிறுவயதில் என் அப்பா தோள்மேல் இருந்து நானும் முழங்கியிருக்கிறேன். வேஷம் கட்டியவர் நன்றாக நடித்தாரா என்பது அந்த முழக்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதே ஜனம் மறுநாள் டீக்கடையில், ‘குரல் போயிடுச்சிப்பா, போன வருஷம் மாதிரி இல்ல’ என்று பேசும். முழக்கத்துக்கு ஒரு நேரம், மதிப்பீட்டுக்கு ஒரு நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அளவுக்கு அவர்களுக்குத் தெளிவு இருந்தது. இந்த விழாக்களில் நடக்கும் தவறு, ஜனங்கள் முழங்குவது அல்ல. அந்த முழக்கத்தைப் பிடித்து, அதையே தீர்ப்பு என்று முத்திரை குத்தி, பொருள் வருவதற்கு முன்பே விலைக்கு விற்பதுதான் தவறு.

கேலி செய்கிறவனும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறான். அவனும் முழக்கத்தைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறான். விற்பவன் சொன்ன அர்த்தத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, பிறகு அதை மறுக்கிறான்.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கசப்போடு சிரிப்பவன் வேறு முகாமிலிருந்து வருபவன் அல்ல. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விளையாட்டு 2013 கடைசியில் அறிவிக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் சேர்ந்து இங்கிலாந்தில் செய்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கான கிரகங்கள் கொண்ட ஒரு பிரபஞ்சம் என்றார்கள். மேடையில் அதைக் கண்டு மயங்காதவர் இல்லை. 2016ல் வெளியீட்டை ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தபோது, செய்தவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மிரட்டியவர்கள் அதை வெறுத்தவர்கள் அல்ல, அதற்காக ஏங்கியவர்கள். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவில், ‘டயப்ளோ’ விளையாட்டின் தீவிர ரசிகர்கள் காசு கொடுத்துக் கூடிய விழாவில், கைபேசிக்கான புது ‘டயப்ளோ’ ஒன்றை அறிவித்தார்கள். ரசிகர் ஒருவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, இது பருவம் தவறி வந்த ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையா என்று கேட்டார். அரங்கம் அவருக்குக் கைதட்டியது. பொருளுக்கு விழவேண்டிய கைதட்டல் கேலிக்கு விழுந்தது. ஆசை அதேதான், அடிபட்டிருந்தது, அவ்வளவுதான்.

அடிபட்டவன் எச்சரிக்கையாவது நியாயம். எச்சரிக்கை பழக்கமாகும்போதுதான் விபரீதம் நேர்கிறது. பழக்கமான கேலிக்குப் பொருளைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஆர்வலன் பார்க்காமல் புகழ்கிறான். இவன் பார்க்காமல் பழிக்கிறான். இருவரும் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சைபர்பங்கைச் செய்தவர்கள் மூன்று வருஷம் அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 செப்டம்பரில் அது கிட்டத்தட்ட வேறு விளையாட்டாகியிருந்தது. நோ மேன்ஸ் ஸ்கைக்காரர்கள் மேடைப்பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார்கள். பல வருஷங்களாகக் காசு வாங்காமலே அதை விரிவுபடுத்திக்கொண்டு வருகிறார்கள். முதலில் கிடைத்த வெறுங்கைதட்டலைவிட, இந்தப் பிற்பாட்டு உழைப்பு எத்தனையோ மடங்கு புகழுக்குத் தகுந்தது. அந்தச் சமயத்தில் கேலிக்காரன் அங்கே இல்லை. ‘ஏமாற்று’ என்ற தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. என் மருமகன் ஒரு விளையாட்டை, பெயர் வேண்டாம், வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் சேலத்தில் சிநேகிதன் அறையில் அதை விளையாடிப் பார்த்திருக்கிறான். பிடித்துவிட்டது. விடிய விடிய விளையாடியிருக்கிறான். ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். “சொன்னா ஓட்டுவாங்க மாமா” என்றான். இருபத்திரண்டு வயதில் ஒருவன், தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறான். கூலிக்குக் கைதட்டுகிறவனுக்கு இவ்வளவு அடிமைத்தனம் கிடையாது. அவன் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் நினைத்ததைப் பேசலாம்.

புகழ்வதும் மறுப்பதும் ஒரே ஆளிடம் எப்படிக் குடியிருந்தன என்று பார்க்க நான் தர்மபுரியைவிட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இது தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவை இருந்த ஊர்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை நம்மில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு காட்சி விழாதான். இனி நடக்கப்போகும் போரின் முன்னோட்டம். மயில்தோகை சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் வரிசையாக நிறுத்தப்பட்ட ஆயுதங்கள். வந்தவள் வியக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஔவை வாய்பிளக்கவில்லை. மூக்கால் சிரிக்கவும் இல்லை. அந்த ஆயுதங்களை உற்றுப் பார்க்கிறாள். தோகை, மாலை, நெய் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறாள். பிறகு தன் அரசனின் ஆயுதங்களை நினைக்கிறாள். அவை பகைவர்மேல் பாய்ந்து நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தீர்ப்பு என்று தனியாக ஒரு வார்த்தை அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. உபயோகப்பட்டதையும் உபயோகப்படாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

இங்கே என் மருமகன் குறுக்கிடுவான். ‘அவங்களும் அதியமான்கிட்ட வாங்கித் தின்னவங்கதானே மாமா’ என்பான். உண்மை. ஔவை பரிசில் வாங்கி வாழ்ந்தவள். அதியமானின் ஆள். இன்றைய பாஷையில் சொன்னால் கம்பெனி ஆள். ஆனால் இதே ஔவைதான் 206ஆம் பாட்டில், அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது, வாயில்காப்போனை வைத்துக்கொண்டு, எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறாள். வாங்கினாள், ஆனால் போகவும் அவளால் முடிந்தது. ஒருவன் புகழ்ச்சி மெய்யா பொய்யா என்பதைக் கூலி தீர்மானிப்பதில்லை. அவனால் அதே வாயால் மறுக்க முடியுமா என்பதே கேள்வி. மறுக்க முடிந்தவன் தருகிற புகழுக்குத்தான் எடை உண்டு.

இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மைதான் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம். புகழ முடிந்தவனுடைய மறுப்புக்குத்தான் எடை உண்டு. எதையும் புகழ இயலாதவன் ஒன்றை நிராகரிக்கும்போது, அந்த நிராகரிப்பிலிருந்து பொருளைப்பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அவனைப்பற்றித்தான் தெரிந்துகொள்கிறோம்.

அதியமான் இறந்தபிறகு ஔவை பாடிய 232ஆம் பாட்டில் மயில்தோகை மறுபடி வருகிறது. இந்தத் தடவை அது சூட்டப்படுவது நடுகல்லுக்கு. அதே தோகைதான். காஞ்சியில் அது காரியத்துக்கு முந்திய அலங்காரம். இங்கே காரியம் முடிந்தபின் வரும் மரியாதை. இந்த மாவட்டம் நடுகற்களின் பூமி. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. போன எந்தத் தடவையும் அங்கே கூட்டம் பார்த்ததில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்வர்களைக் கடித்து நின்றது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு கள்வர்கள். மூன்று என்று எழுதவில்லை, எண்ணற்ற என்று எழுதவில்லை. புகழ் என்பது இவ்வளவு கணக்காக இருக்க முடியும். நாயின் பெயரை விடாமல், கடித்த கள்வர்களைக் கூட்டாமல், நடந்ததை நடந்த அளவுக்குச் சொல்லி, அதைக் கல்லில் வெட்டிவைத்துப் போய்விட்டான் எவனோ.

தெருக்கூத்தில் கட்டியக்காரனும் இந்த வம்சம்தான். ராஜா வருகிறார் பராக் என்று கட்டியம் கூறுபவன் அவன். ராஜா வந்து நின்றதும் யாரய்யா நீ என்று கேட்டு மானத்தை வாங்குபவனும் அவனே. அறிவிப்பும் கேலியும் ஒரே உடம்பில் இருந்தன. அதனால் அறிவிப்பு பித்தாகவில்லை, கேலி விஷமாகவில்லை. இன்று இரண்டையும் பிரித்து இரண்டு கூட்டங்களாக்கி எதிரெதிரே உட்காரவைத்திருக்கிறோம். ஒரு கூட்டம் கூவியே தீரவேண்டும். மற்றது சிரித்தே தீரவேண்டும்.

இனி நம்மைப்பற்றி. நாம் என்றால் இந்தப் பக்கங்களைப் படிக்கும் சிறு வட்டம்.

வெகுஜனப் பத்திரிகைகளின் ஆரவாரத்துக்கு எதிராகச் சிறுபத்திரிகை பிறந்தது. நடிகனுக்கும் தலைவனுக்கும் தொடர்கதைக்காரனுக்கும் நாடே விசிலடித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அது அவசியமாக இருந்தது. ஆனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டது புதுமைப்பித்தனையும் மௌனியையும் முன்னால் வைத்துக்கொண்டு. இதோ இது பெரியது, ஆகையால் அது சிறியது என்றார்கள். நுனி முறிந்த வேலைப் பார்த்திருந்ததால்தான் நெய் பூசிய வேலை அடையாளம் கண்டார்கள். நம்மிடம் வந்து சேர்ந்ததில் கட்டிய கை மட்டும் மிஞ்சிவிட்டதோ என்று எனக்குப் பயம்.

என் சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் மாவட்டத்து இளைஞர் ஒருவர் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார். தர்மபுரியில் ஒரு மாடி அறையில் பன்னிரண்டு பேர் கூடிப் பேசினோம். அதில் ஆறு ஏழு கவிதைகள் நிஜமான கவிதைகள். முந்தின இரவே படித்து, விளக்கை அணைத்தபிறகும் தூங்காமல் கிடந்தேன். கூட்டத்தில் என் முறை வந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அலட்சியமாக ஏதேதோ சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் உணர்ச்சிவசப்பட்டால் அசடு என்று நினைப்பார்களோ என்று இருந்தது. ‘இன்னும் முதிர வேண்டும்’ என்று சொல்லி உட்கார்ந்தேன். அந்த வாசகத்தை நான் தயாரிக்கக்கூட இல்லை. அது தயாராக இருந்தது. நம் வட்டத்தில் எப்போதும் தயாராக இருக்கும் வாசகம் அது.

அவர் இரண்டாவது தொகுப்பு போடவில்லை. அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவித அகங்காரமே. மனிதர்கள் எத்தனையோ காரணங்களால் எழுதாமல் போகிறார்கள். ஆனால் அன்றைக்கு நான் பொய் சொன்னேன். கூலிக்குக் கைதட்டுகிறவன் சொல்லும் அதே பொய்யை, எதிர்த்திசையிலிருந்து. அவனுக்குக் கூலி ரூபாயில். எனக்குக் கூலி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு பேர் என்னைப்பற்றி வைத்திருந்த அபிப்பிராயம்.

போன வருஷம் தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியில் அவரைப் பார்த்தேன். கூடு விற்க வந்திருந்தார். வியாபாரி ஒருவர் கூட்டை அள்ளினார், ஒன்றைக் காதருகே குலுக்கிக் கேட்டார், அழுத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு விலை கேட்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் டீ குடித்தோம். “எவ்வளவு குறை சொல்றார் பாத்தீங்களா” என்றேன். “குறை சொல்லாம எவனும் எடுக்க மாட்டான் சார். ஆனா சொல்லிட்டு எடுத்துக்குவான்” என்றார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன். நாங்கள் குறை சொன்னோம். எடுத்துக்கொள்ளவில்லை.

எழுந்து நிற்கும்போது சொன்னேன். அந்தத் தொகுப்பில் கிணறு வெட்டுகிறவர்களைப்பற்றிய கவிதை, அம்மாவின் ரேஷன் அட்டைபற்றிய கவிதை, இன்னும் ஐந்து, எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கின்றன, அவை நல்ல கவிதைகள் என்று. ஏழு என்று எண்ணிச் சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். அதில் கோபம் இல்லை.

2025 ஜூனிலும் அந்த விழா நடந்தது. அப்போதும் பின்னிரவு இரண்டரை மணி. இந்தத் தடவை அலாரம் வைத்து நானும் எழுந்தேன். வழக்கம்போல் கூட்டம் கூவியது, வழக்கம்போல் இவன் சிரித்தான். நடுவில் ஒரு சின்ன விளையாட்டு வந்தது. சில பேர் மட்டும் சேர்ந்து செய்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. வாளும் இல்லை, தீயும் இல்லை. அரங்கத்தில் அதற்குச் சத்தம் குறைவு. இவன் சிரிப்பதை நிறுத்தித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

“இது நல்லா இருக்கும்போல மாமா” என்றான். சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை. “வந்ததும் விளையாடிப் பாத்துட்டுச் சொல்லு” என்றேன்.